கருணைக்கொலைக்கு ஆதரவு ஏறுமுகம் என்கிறார்கள். மாறியது மனசா, கேள்வியா?

#1 பாதிராக்குயில்

1947-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் கேட்டபோது, தீராத நோயாளியின் உயிரை மருத்துவர் வலியில்லாமல் முடித்துவைக்கச் சட்டம் இடம் தரலாம் என்றவர்கள் 37 சதவீதம். 2024-இல் 71 சதவீதம். நெதர்லாந்தில் 2024-இல் இறந்தவர்களில் 5.8 சதவீதம் பேருடையது மருத்துவரிடம் கேட்டுப் பெற்ற சாவு. கனடாவிலும் அந்த ஆண்டுக் கணக்கு ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

இதே நெதர்லாந்தில்தான் 1973-இல், தன் தாய்க்கு மார்ஃபின் ஊசி போட்டு உயிரை முடித்த போஸ்ட்மா என்ற மருத்துவர் கூண்டில் ஏற்றப்பட்டார். குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. தண்டனை மட்டும் ஒரு வாரச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாறக் காரணம் என்ன? மதப்பிடிப்பு தளர்ந்ததா, வலி பற்றிய பயமா, முதுமை நீண்டுபோனதா? "காலம் மாறிப்போச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், துறை தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நல்லது.

#2 எண்ணும்எழுத்தும்

முதலில் அந்த 71-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். சர்வே வேலையில் இருப்பவர்களுக்கு இது பழைய பாடம்.

கேலப் கேள்விக்குள் என்னென்ன அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: நோய் தீராதது, நோயாளி கேட்கிறார், குடும்பமும் கேட்கிறது, வழி வலியில்லாதது. இத்தனை மெத்தையும் விரித்துவிட்டுக் கேட்டால் "ஆம்" சொல்வது சுலபம். 2013-இல் இரண்டு விதமாகக் கேட்டார்கள். "வலியில்லாமல் உயிரை முடித்தல்" என்ற வாசகத்துக்கு 70 சதவீதம். "நோயாளி தற்கொலை செய்துகொள்ள மருத்துவர் உதவுதல்" என்றதும் 51 சதவீதம். உண்மையில் இரண்டாவது செயலில் மருத்துவரின் பங்கு குறைவு. மருந்தை எடுத்துக்கொள்வது நோயாளியே. ஆனாலும் ஆதரவு 19 புள்ளி சரிந்தது.

2024-இல் அந்த இடைவெளி 71, 66 என்று சுருங்கிவிட்டது. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டுகளில் நடந்த உண்மையான மாற்றம் இதுதான். முதல் எண் 1990-களிலிருந்தே ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது.

இன்னொன்று. கருத்துக்கணிப்பில் "ஆம்" சொன்னவர் சட்டத்துக்கும் "ஆம்" சொல்வார் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்லோவேனியாவில் 2024 ஜூனில் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் 55 சதவீதம் ஆதரவு. அதை நம்பி நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் நிறைவேற்றியது. நவம்பரில் அந்தச் சட்டம் மக்கள் முன் போனபோது 53 சதவீதம் பேர் எதிர்த்துத் தோற்கடித்தார்கள். பிரிட்டனிலும் பாருங்கள். இதே போன்ற மசோதாவுக்கு 2024 நவம்பரில் மக்களவையில் ஆதரவு 330, எதிர்ப்பு 275. ஏழு மாதம் பிரிவு பிரிவாக விவாதித்து 2025 ஜூனில் மறுபடி வாக்கெடுத்தபோது 314-291. பெரும்பான்மை 55-இலிருந்து 23 ஆனது. கொள்கையாக இருக்கும்வரை ஆதரவு. யார் கையெழுத்துப் போடுவது, எத்தனை நாள் காத்திருப்பது என்று வந்ததும் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள்.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், நோயாளி தானே உட்கொள்ளும் மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம் என்ற சட்டம் 1994-இல் 51 சதவீதத்தில் தட்டுத்தடுமாறி வென்றது. 1997-இல் ரத்து செய்யலாமா என்று திரும்பக் கேட்டார்கள். 60 சதவீதம் பேர் ரத்து வேண்டாம் என்றார்கள்.

#3 ஐசியூ_இரவு

தலைப்பில் உள்ள கேள்விக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். மனப்பான்மை மாறியதற்கு மதத்தைவிட வென்டிலேட்டர்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ. மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிக் காற்று செலுத்தச் சொன்னவர் இப்சன் என்ற மயக்க மருத்துவர். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். ஐசியூ என்பதே அங்கிருந்துதான் பிறந்தது. அதுவரை மூச்சு நின்றால் சாவு. அதற்குப் பிறகு, மூச்சை யாராவது நிறுத்தினால்தான் சாவு என்ற நிலைமை வந்துவிட்டது. ஐந்தே வருடத்தில், 1957-இல், மயக்க மருத்துவர்கள் போப் பன்னிரண்டாம் பயஸிடம் இதையே கேட்டார்கள்: மீள வழியில்லாதவருக்கு இயந்திரத்தை நிறுத்தலாமா? அசாதாரணமான சிகிச்சையைத் தொடர யாருக்கும் கடமை இல்லை என்பது அவர் பதில். வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும், நோக்கம் வலி தணிப்பதாக இருந்தால் தவறில்லை என்றும் அதே ஆண்டில் சொன்னார். ஆகவே "மதம் தளர்ந்ததால் மாறியது" என்பது பாதி உண்மைதான். மதமே அந்த அளவுக்கு அன்றே இறங்கி வந்திருந்தது.

இங்கே நான்கு வெவ்வேறு செயல்களை ஒரே பெயரில் குழப்புகிறோம். உயிர்காப்பு சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதோ தொடங்கியதை நிறுத்துவதோ ஒன்று. அவதியைத் தணிக்க மயக்கநிலையில் வைப்பது இரண்டாவது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளியே உட்கொள்வது மூன்றாவது. மருத்துவரே செலுத்துவது நான்காவது. ஐசியூவில் அன்றாடம் நடப்பது முதலாவது. மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதன் அளவுக்கு வராது.

"டியூபைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று பேசுகிறார்களே, அது அப்படி நடப்பதில்லை. தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி, அதன் வீரியம் முழுக்க இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி தவிப்பது வெளியே தெரியாது, தணிக்கவும் முடியாது. அடுத்து மார்ஃபின் அல்லது ஃபென்டனிலும் மயக்க மருந்தும், மூச்சுத் திணறல் வருமுன்பே. சளி கரகரப்பைக் குறைக்க கிளைகோபைரோலேட் முன்கூட்டியே. மானிட்டரின் ஓசையை அணைத்து, ரத்தப் பரிசோதனையை நிறுத்தி, ரத்த அழுத்த மருந்தை விலக்கி, பிறகுதான் ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் படிப்படியாக இறக்குவது. ஒவ்வொரு படியிலும் நெற்றி சுருங்குகிறதா, மூச்சு வேகம் ஏறுகிறதா என்று பார்த்து மருந்தைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி.

அடிக்கடி நடக்கும் பிசகு, "பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று குடும்பத்திடம் சொல்வது. சிலருக்கு நிமிடங்கள், சிலருக்கு நாட்கள். நியூஜெர்சியில் கேரன் குவின்லனுக்கு 1976-இல் நீதிமன்ற அனுமதியோடு வென்டிலேட்டரை எடுத்தார்கள். அவர் தானாக மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார்.

#4 பாதிராக்குயில்

நன்றி சார். ஆனால் இந்தியாவில் முதலாவதைத்தானே "செயலற்ற கருணைக்கொலை" என்று நீதிமன்றமே சொல்கிறது? சிகிச்சையை நிறுத்துவதும் ஊசி போட்டு முடிப்பதும் ஒன்றுதான் என்று மக்கள் நினைப்பதில் என்ன தப்பு?

#5 சட்டப்புள்ளி

தப்பு மக்களுடையது அல்ல. சட்டம் வந்த வழி அப்படி.

பிரிட்டனில் 1993-இல், மீளா நினைவிழப்பில் இருந்த டோனி பிளாண்டின் வழக்கில் குழாய் உணவை நிறுத்த அனுமதித்த நீதிபதிகளே, விளைவு ஒன்றாக இருக்கும்போது ஒன்று சட்டபூர்வம், மற்றது கொலை என்பது சங்கடமான கோடு என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில், நினைவிழந்து பல்லாண்டுகள் மருத்துவமனையில் கிடந்த அருணா ஷான்பாக்கின் உணவை நிறுத்தக் கோரிய மனு 2011 மார்ச் 7 அன்று தள்ளுபடியானது. பல்லாண்டுகள் பராமரித்த செவிலியர்களே உணவை நிறுத்துவதை எதிர்த்தார்கள். ஆனால் அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதி பெற்றுச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று கதவைத் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்றது. லிவிங் வில்லுக்கும், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்துக்கும், வழி செய்தது.

வழி செய்தது என்றேனே தவிர, நடக்க முடியாத வழி. லிவிங் வில்லில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பம் இட வேண்டும். மருத்துவமனைக் குழுவில் இருப்பவர்களுக்கு 20 ஆண்டு அனுபவம் வேண்டும். அதற்குமேல் மாவட்ட ஆட்சியர் அமைக்கும் இன்னொரு குழு. கடைசியில் நடுவரே நேரில் வந்து பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு இத்தனை நாள் எங்கே இருக்கிறது? உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தது.

2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே இதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும் 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்கள். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடுவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு நடைமுறைக்குக் கொண்டுவரலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம்.

ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் அன்றும் இன்றும் குற்றம்தான். அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மனப்பான்மைக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் மனது மாறிச் சட்டம் வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நடந்தது பெரும்பாலும் தலைகீழ். 1990-இல் மருத்துவர்கள் தாங்களே முன்வந்து அரசுக்குத் தெரிவிக்கும் முறை வந்தபோது, நடந்தவற்றில் 18 சதவீதம்தான் தெரிவிக்கப்பட்டது. மற்றவை இயற்கை மரணம் என்ற சான்றிதழோடு போயின. 1995-இல் 41 சதவீதம். 1998-இல் அரசு வழக்கறிஞருக்கு முன்பாக மருத்துவர், சட்டத்தரணி, நெறியியலாளர் அடங்கிய வட்டாரக் குழு பார்க்கும் ஏற்பாடு. 2001-இல் 54 சதவீதம். சட்டம் 2002 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. 2005-இல் 80 சதவீதம். மறைந்து நடந்தது வெளிச்சத்துக்கு வரவர, அதைப் பற்றிய பயம் குறைந்தது. மக்கள் ஒப்புக்கொண்டது சாவை அல்ல, அந்த நடைமுறையை.

#6 மார்ஃபின்தோழி

சட்டப்புள்ளி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது: எதற்காகக் கேட்கிறார்கள்?

"தாங்க முடியாத வலி" என்றுதான் எல்லோருக்கும் மனதில் வரும். ஒரிகன் அரசு 1998 முதல் ஆண்டுதோறும் அறிக்கை போடுகிறது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சொல்லும் காரணம், தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போவது. பிடித்த காரியங்களைச் செய்ய முடியாமல் போவது. வலி, அல்லது வலி வந்துவிடுமோ என்ற கவலை, மூன்றில் ஒருவரிடம்தான். இந்த மருந்தைப் பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர்கள். அதனால் "நல்ல வலி நிவாரணம் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று எங்கள் துறையில் பலகாலம் சொல்லிவந்ததை இனியும் சொல்ல முடியாது. 2023-இல் அங்கே 560 பேருக்கு மருந்து எழுதப்பட்டது. அந்த ஆண்டில் அதை உட்கொண்டு இறந்தவர்கள் 367. பொதுவாக வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கடைசிவரை அதைத் தொடுவதே இல்லை. கையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது.

ஆனால் இது ஒரிகன். உலகக் கணக்கு வேறு. வலியையும் அவதியையும் தணிக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சை தேவைப்படும் 5 கோடியே 68 லட்சம் பேரில் 14 சதவீதத்துக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்ஃபின் மாத்திரையே எட்டாத இடத்தில் ஒருவர் "என்னை முடித்துவிடுங்கள்" என்று சொன்னால் அது சுயவிருப்பமா, வலி பேசும் பேச்சா?

மார்ஃபின் என்றதும் "அதுதானே ஆளைக் கொல்லும்" என்பவர்களுக்கு: இதுவரை எடுத்திராத முதியவருக்கு மூச்சுத் திணறலுக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராம் வாய்வழியாக, நான்கு மணி நேர இடைவெளியில் தொடங்குகிறோம். கூடவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. மலமிளக்கியை மறந்தால் ஒரே வாரத்தில் மலச்சிக்கலால் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்; வலி திரும்பும்; "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பேர். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவும் இடைவெளியும் மாறும். இப்படிப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. 2010-இல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் கண்டதிலிருந்தே நோய்த்தணிப்பு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம்.

மருத்துவர்களின் மனப்பான்மையையும் ஒரு சேர ஏறியதாக நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2021-இல் எதிர்ப்பைக் கைவிட்டு நடுநிலைக்கு வந்தது, வாக்கு 49-48. உலக மருத்துவச் சங்கம் 2019-இல் எதிர்ப்பை மறுபடி உறுதிசெய்தது.

#7 இருசக்கரம்

"வாழ்க்கை கையை விட்டுப் போவது" என்று எழுதிவிட்டுத் தோழி அடுத்த வரிக்குப் போய்விட்டார். அதே ஒரிகன் பட்டியலில் "கண்ணியம் இழப்பது" என்றும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த வரியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. குளிக்க, கழிப்பறை போக, உண்ண இன்னொருவர் உதவி வேண்டியிருப்பதைத்தான் அந்தப் பட்டியல் கண்ணியக் குறைவு என்கிறது. மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அது தினமும் காலை ஏழு மணிக்கு நடப்பது. அப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று 71 சதவீதம் நினைக்கிறது என்றால், அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் எப்படி மகிழ்வது?

கனடாவைப் பாருங்கள். 2015-இல் இதற்கு இருந்த தடையை நீக்கிய கார்ட்டர் தீர்ப்பு, 2016-இல் சட்டம். அப்போது இயற்கை மரணம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2019-இல் கியூபெக் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் இரண்டாவது பாதையைத் திறந்தது: சாவு அருகில் இல்லாதவரும் கேட்கலாம், மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாள். 2023-இல் இந்த வழியில் இறந்தவர்கள் 622 பேர். மொத்தத்தில் நான்கு சதவீதம்தான் என்பார்கள். எண்ணிக்கை அல்ல என் கவலை. தகுதிக்கான காரணமே இயலாமை என்று ஆகிவிட்டது. வீட்டு உதவியாளர், ஏற்ற வீடு, வலி சிகிச்சை ஆகியவற்றுக்கான காத்திருப்பு 90 நாளைத் தாண்டினால், அரசு எதை முதலில் கையில் தருகிறது? சட்டம் மாற்று வழிகளை எடுத்துச் சொல்லச் சொல்கிறது. கொடுக்கச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு இந்த இரண்டாவது பாதையை ரத்து செய்யச் சொன்னது இதனால்தான்.

ஜெர்மனியில் 1940-41-இல் நாஜி அரசின் டி4 திட்டத்தின் கீழ் சுமார் 70,000 நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயுவால் கொன்றபோது அதற்கும் கருணை என்றுதான் பெயர். அன்று நடந்தது கட்டாயக் கொலை, இன்று நடப்பது சுயவிருப்பம், இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். "எந்த உயிர் வாழத் தகுந்தது" என்ற கேள்வியை மருத்துவர் மேசையில் வைப்பதில் மட்டும் ஒற்றுமை இருக்கிறது.

#8 எண்ணும்எழுத்தும்

@இருசக்கரம், இதற்குக் கணக்கில் ஒரு எதிர்வாதம் உண்டு. முழுப் பதில் அல்ல. ஏழைகளும் ஆதரவற்றவர்களும் இதற்குள் தள்ளப்படுவார்கள் என்பது 1990-களின் பெரிய பயம். ஒரிகனில் பயன்படுத்தியவர்கள் சராசரியைவிட அதிகம் படித்தவர்கள், மிகப் பெரும்பாலும் வெள்ளையர்கள், காப்பீடு உள்ளவர்கள். அந்தப் பயம் அங்கே பலிக்கவில்லை. ஆனால் ஒரிகனில் ஆறு மாதத்துக்குள் சாவு என்ற நிபந்தனை இருக்கிறது. அதை எடுத்துவிட்ட இடத்துக்கு ஒரிகன் எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

#9 ஐசியூ_இரவு

அந்த ஆறு மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாஸ்பிஸ் நோயாளிகளைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு ஆய்வில், மருத்துவர்களின் ஆயுள் கணிப்பில் ஐந்தில் ஒன்றுதான் சரியாக இருந்தது. பெரும்பாலானவை இருப்பதைவிட அதிகமாகச் சொன்னவை. முற்றிய புற்றுநோயில் கணிப்பு ஓரளவு நிற்கும். இதயச் செயலிழப்பிலும் நுரையீரல் நோயிலும் ஏற்ற இறக்கம் அதிகம். ஒவ்வொரு இறக்கமும் கடைசியாகத் தெரியும், மீண்டுவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டத்தில் பொதுவாக 6 மாதம், நரம்புச் சிதைவு நோய்க்கு 12 மாதம் என்று வைத்தது.

#10 சட்டப்புள்ளி

பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் இன்னொரு பக்கம் யாரையாவது இடிக்கிறது. விவாதத்தில் இது சரியாக வருவதே இல்லை.

நோயாளியே உட்கொள்ள வேண்டும் என்பது நல்ல விதி; கடைசி நொடிவரை முடிவு அவர் கையில். ஆனால் தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயாளிக்கு விழுங்கும் சக்தியும் கை வலுவும் போய்க்கொண்டே இருக்கும். முடியாமல் போவதற்கு முன்பே, அதாவது வாழ விருப்பம் இருக்கும்போதே, நாளைக் குறித்தாக வேண்டும்.

கடைசி நொடியில் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் நல்ல விதி. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஆட்ரி பார்க்கர் என்ற பெண்ணுக்கு மூளைக்குப் பரவிய புற்றுநோய். நினைவு தப்பிவிட்டால் சம்மதம் செல்லாது என்பதால், தான் விரும்பியதைவிட முன்கூட்டியே, 2018 நவம்பர் 1 அன்று, சாவைத் தேர்ந்தெடுத்தார். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். 2021-இல் சட்டம் மாறியது: சாவு அருகில் உள்ளவர் நாள் குறித்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் இறுதிச் சம்மதம் தேவையில்லை.

மறதிநோயில் இது முடிச்சாகிவிடும். நெதர்லாந்தில் 2016-இல் நடந்தது: 74 வயதுப் பெண், முற்றிய மறதிநோய், நினைவு தெளிவாக இருந்தபோது எழுதிவைத்த கோரிக்கை உண்டு. மருத்துவர் காப்பியில் மயக்க மருந்து கலந்து கொடுத்தார். ஊசியின்போது அந்தப் பெண் எழ முயல, குடும்பத்தினர் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் வந்த பிறகு வழக்குத் தொடுக்கப்பட்ட முதல் மருத்துவர் அவர். 2019-இல் விடுதலை, 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், எழுதிவைத்த கோரிக்கையின்படி செய்யலாம் என்றது. சட்டம் சரி என்றாலும், டச்சு மருத்துவர்களே பலர் இதைச் செய்ய இன்றும் தயாரில்லை. உரிமை இருந்தும் செய்ய ஆள் இல்லை.

#11 புதியவன்07

அப்படி என்ன மருந்து தருகிறார்கள்? எவ்வளவு?

#12 நெறியாளர்

மருந்தின் பெயரும் அளவும் இந்த இழையில் வேண்டாம். மேலே வந்தவை வலி, மூச்சுத் திணறல் சிகிச்சைக்கானவை, அத்தோடு நிற்கட்டும். @புதியவன்07, தெரிந்துகொள்ளும் ஆர்வம் என்றால் பரவாயில்லை. மனது கனத்துக் கேட்கிறீர்கள் என்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள், இன்றே போடுங்கள். கூடவே அருகில் இருக்கும் ஒருவரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

#13 பாதிராக்குயில்

மனநோய்க்கும் அனுமதிக்கிறார்களாமே? அங்கே ஆதரவு எப்படி?

#14 மார்ஃபின்தோழி

நெதர்லாந்தில் 2023-இல் 138, 2024-இல் 219. மொத்தம் கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் இது சிறு பங்கு. ஆனால் வேகமாக ஏறியதால் அங்கேயே மனநல மருத்துவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வழக்கமாக இரண்டாவது கருத்துச் சொல்லும் சுயேச்சை மருத்துவரோடு, அந்த நோயில் தேர்ந்த மனநல மருத்துவர் ஒருவரும் பார்க்க வேண்டும். வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நிறைவேற்றப்படுவதில்லை: பாதியில் திரும்பப் பெறுகிறார்கள், அல்லது சிகிச்சைக்கு இன்னும் வழி இருக்கிறது என்று மறுக்கப்படுகிறது. கனடா இதைத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுத் தள்ளித் தள்ளி 2027 மார்ச்சுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

சிக்கல் இங்கே: "மீள வழியில்லை" என்று புற்றுநோயில் ஸ்கேன் சொல்லும். மனச்சோர்வில் எது சொல்லும்? சாக விரும்புவதே நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். என் கருத்தில் இது வேறு கேள்வி, வேறு இழைக்கு உரியது.

#15 இருசக்கரம்

இதில் தோழியோடு முழுக்க உடன்படுகிறேன். அதிசயம்தான்.

#16 வேப்பங்காற்று

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஊசி விஷயம் இருக்கட்டும். நிறுத்துவது, தொடங்காமல் இருப்பது பற்றி எழுதிவைக்க வேண்டுமானால் எப்படி எழுதுவது? இணையத்தில் கிடைக்கும் படிவங்கள் எல்லாம் "கண்ணியமாகச் சாக விரும்புகிறேன்" என்கிற ரீதியில் இருக்கின்றன.

#17 ஐசியூ_இரவு

அந்தப் படிவங்கள் ஐசியூவில் எதற்கும் உதவாது. "அசாதாரண சிகிச்சை வேண்டாம்" என்று எழுதினால், நிமோனியாவுக்கு இரண்டு நாள் வென்டிலேட்டர் அசாதாரணமா என்று பணியில் இருப்பவர் எப்படி முடிவெடுப்பார்? சந்தேகம் என்றால் குழாயைப் போட்டுவிடுவார்கள். அது சரியும்கூட.

நிலைமையையும் சிகிச்சையையும் சேர்த்து எழுதுங்கள். எந்த நிலைமையில்: நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால், அல்லது முற்றிய நோயின் கடைசிக் கட்டத்தில். எது வேண்டாம்: இதயம் நின்றால் மார்பு அமுக்குதல், வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் உணவு, ஒவ்வொன்றையும் தனித்தனியே. "தற்காலிகமாக முயன்று பார்த்து, ஏழு நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்தலாம்" என்ற ஒரு வரி பெரும் உதவி. எது கட்டாயம் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: வலி நிவாரணம், மூச்சுத் திணறலுக்கு மருந்து, வாய் ஈரம். மார்பு அமுக்க வேண்டாம் என்ற உத்தரவை "எதுவும் செய்ய வேண்டாம்" என்று வாசித்துக் காய்ச்சலுக்குக்கூட மருந்து தராமல் விடுவது உலகம் முழுக்க நடக்கும் தவறு.

முடிவெடுப்பவர் யார் என்பதுதான் பாதி வெற்றி. தினமும் பார்த்துக்கொண்டவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். தொலைவிலிருந்து கடைசி நாளில் வந்து இறங்கும் பிள்ளை எல்லாவற்றையும் செய்யச் சொல்லும். அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு, உங்கள் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

#18 சட்டப்புள்ளி

கூடுதலாக: இந்திய நடைமுறையில் முடிவெடுப்பவராக ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரைக் குறிப்பிடலாம்; குறிப்பிடுங்கள். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில், கட்டாயமின்றி எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம் அல்லது மாற்றலாம். மூலத்தைப் பீரோவில் பூட்டாதீர்கள். குடும்ப மருத்துவரிடம் ஒன்று, உள்ளாட்சி அமைப்பு நியமித்த பொறுப்பு அதிகாரி இருந்தால் அவரிடம் ஒன்று, பெயர் குறிப்பிடப்பட்ட ஒவ்வொருவரின் கைபேசியிலும் ஒரு படம்.

#19 வேப்பங்காற்று

தேதி பழசாகிவிட்டால் செல்லாதா?

#20 சட்டப்புள்ளி

காலாவதி கிடையாது. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்தைப் பார்த்தால் மருத்துவக் குழு தயங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், புதிதாகப் பெரிய நோய் எதுவும் தெரியவந்தாலும், எடுத்துப் படித்துப் புதுத் தேதியிட்டு மறுபடி சான்று வாங்கிவிடுங்கள். பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடவும்; இரண்டு விதமான தாள் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டுமே வேலை செய்யாது.